ஆல்பத்தில் இருக்கும் ஊருக்கு மறுபடி போவது எப்படி

பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பெரும்பாலான வீடுகளில் ஒன்றுதான் நடக்கிறது. எல்லா ஆல்பங்களையும் கட்டிலில் பரப்பி, கல்யாணப் படமும் காதுகுத்துப் படமும் ஊட்டிப் படமும் ஒன்றாகக் கலந்து, "அப்போது எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறேன்!" என்று அரை மணி நேரம் பேசிச் சிரித்துவிட்டு மூடிவிடுகிறோம். அந்த அரை மணி நேரமும் இனிமையானதுதான். ஆனால் போய்வந்த ஒரு பயணத்தை முழுதாக மீட்டெடுக்க அது போதாது.

பாளையங்கோட்டையில் பல வருடம் புவியியல் ஆசிரியையாக வேலை பார்த்தவள் நான். வரைபடத்தை எப்படிப் படிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில், ஓய்வுபெற்ற பிறகு எங்கள் வீட்டுப் பயணப் படங்களையும் அதே கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். முகங்களைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் பின்னணியையும் ஓரங்களையும் பார்த்தால், மறந்தே போய்விட்டது என்று நினைத்த ஒரு நாள் காலையிலிருந்து இரவு வரை திரும்பக் கிடைக்கிறது. அதற்கு நான் கையாளும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். எது என்று தயக்கமாக இருந்தால், உடன் வந்தவர்களில் வயதில் மூத்தவர் இன்னும் நம்மோடு இருக்கிற பயணமாகப் பாருங்கள். மற்றவை காத்திருக்கும். நான் எடுத்துக்கொண்டது, அப்பா வாடகைக்கு வேன் பிடித்து எங்கள் குடும்பத்தையும் சித்தப்பா குடும்பத்தையும் அத்தையையும் கன்னியாகுமரிக்கு அழைத்துப்போன ஒரு மே மாதப் பயணம்.

படங்களைத் தரையில் பரப்புவதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. படத்தை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். பசை தடவிய அட்டையில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பமாக இருந்தால் படத்தை நகத்தால் நெம்பவே வேண்டாம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, இருபுறமும் மெதுவாக அசைத்து இழுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். கழலவில்லை என்றால் இருக்கிற இடத்திலேயே வைத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்துக்கும் இதையேதான் சொல்வேன். இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும்.

நடந்த வரிசை

ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் வரிசையை நம்பாதீர்கள். அழகான படத்தை முதலில் ஒட்டுவதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். நடந்த வரிசை வேண்டுமென்றால் நெகட்டிவைத் தேடுங்கள். ஸ்டூடியோவில் கொடுத்த உறையின் பின்பக்கத்தில், நான்கைந்து படங்களுக்கு ஒரு துண்டாக நறுக்கி வைத்திருப்பார்கள். துளைகளை ஒட்டிய ஓரத்தில் 1, 1ஏ, 2, 2ஏ என்று எண்கள் இருக்கும். படம் எடுத்த வரிசை அதுதான். கைபேசித் திரையை வெள்ளையாக வைத்து, அதன் மேல் நெகட்டிவைப் பிடித்தால் தெளிவாகத் தெரியும். இன்னொரு கைபேசியின் அமைப்புகளில் நிறங்களைத் தலைகீழாக்கும் வசதியை இயக்கிவிட்டு அதன் கேமராவை நெகட்டிவுக்கு நேரே காட்டினால், முகங்கள் ஓரளவு இயல்பான நிறத்தில் தெரியும். நெகட்டிவ் தொலைந்துபோயிருந்தால் பிரிண்டின் முதுகைப் பாருங்கள். சில கலர் லேப்களில் அந்த எண்ணை மங்கலாக அச்சடித்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் எல்லோரும், முதலில் சுசீந்திரம் போய்விட்டு அதன் பிறகே குமரி போனோம் என்றுதான் சொல்வார்கள். நெகட்டிவிலோ படகுத்துறை முன்னால் இருக்கிறது, சுசீந்திரம் தெப்பக்குளம் வெகு பின்னால் வருகிறது. அந்த வரிசை தெரிந்ததும் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. தெப்பக்குளக் கரையில் நிற்கும் என் தங்கை, தோள்பட்டை முழங்கைவரை இறங்கிய ஒரு கட்டம் போட்ட ஆண்பிள்ளைச் சட்டையில் இருப்பாள். ஏன் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதே சட்டையைப் படகுத்துறைப் படத்தில் சித்தப்பா மகன் அணிந்திருக்கிறான்; தங்கை அதில் பச்சைப் பாவாடை கட்டியிருக்கிறாள். சுசீந்திரத்தில் அவன் வெறும் பனியனோடு நிற்கிறான். முக்கடல் கூடுமிடத்தில் இறங்கிப் பாவாடை சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டவளுக்குத் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான். இன்று இருவருக்கும் பிள்ளைகள் பெரிய வகுப்பில் படிக்கிறார்கள். இந்தச் சட்டைக் கதை கிடைத்த அன்று இரண்டு பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

அந்தக் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம். கவனமாக மாட்டினால் ஒன்றிரண்டு கூடுதலாகக் கிடைக்கும். அப்பாவின் யாஷிகா எம்எஃப்-2 கேமராவில் ஒரு பயணத்துக்கு ஒரே சுருள்தான். ஆகவே எதற்காக அவர் ஒரு படத்தைச் செலவு செய்தார் என்பதே ஒரு செய்தி. எங்கள் சுருளில் வேன் ஓட்டுநர், வண்டியின் முன்னால் கைகட்டி, சந்தனப் பொட்டோடு தனியாக நிற்கும் படம் ஒன்று உண்டு. கணக்குப் பார்த்துப் படம் எடுக்கும் மனிதர் அவருக்கு ஒன்று கொடுத்திருக்கிறார் என்றால், அந்த ஓட்டுநரைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

எந்த வருடம்?

படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருந்தால், ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டரி மாற்றியபின் தேதியைச் சரிசெய்யாத கேமராக்கள் ஏராளம். பின்னணி அப்படித் தவறாது.

கன்னியாகுமரிப் படத்தில் விவேகானந்தர் மண்டபம் இருந்தால் 1970க்குப் பிந்தையது. பக்கத்துப் பாறையில் 133 அடித் திருவள்ளுவர் சிலை இல்லையென்றால், சிலை திறந்த 2000 ஜனவரி 1க்கு முந்தையது. இரண்டு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் தெரிந்தால் 2024 டிசம்பர் இறுதிக்குப் பிறகு எடுத்தது. ராமேசுவரம் போகிற எந்தக் குடும்பமும் பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒரு படம் எடுக்காமல் விட்டதில்லை. அந்தப் பாலம் 1988 இல் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கு ஜீப்பிலோ சிறு லாரியிலோ ஈர மணலில் குலுங்கிக்கொண்டு போன படம் என்றால், அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த 2017க்கு முன்னால் போயிருக்கிறீர்கள். கொடைக்கானல் சரிவு முழுவதும் நீலமாகக் குறிஞ்சி பூத்திருந்தால் 1994, 2006, 2018 இவற்றில் ஒன்று.

எனக்கு மிகவும் பிடித்த துப்பு பஸ்தான். 1997 வரை நம் அரசுப் பஸ்களின் பக்கவாட்டில் ஊருக்கு ஒரு பெயர் எழுதியிருக்கும். மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன், சென்னைக்குப் பல்லவன், எங்கள் நெல்லைக்குக் கட்டபொம்மன், நாகர்கோவிலுக்கு நேசமணி, தொலைதூர விரைவுப் பஸ்களுக்குத் திருவள்ளுவர். 1997 இல் அந்தப் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒன்றாக்கினார்கள். உங்கள் படத்தின் ஓரத்தில் பாதி பஸ் தெரிந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். எண் பலகையும் உதவும். 1989க்குப் பிறகு பதிவான வண்டிகளில் டிஎன் என்பதோடு ஓர் எண் சேர்ந்து வரும். 72 என்றால் திருநெல்வேலி, 74 என்றால் நாகர்கோவில், 65 என்றால் ராமநாதபுரம்.

எங்கள் படத்தை நான் எப்படிப் பிடித்தேன் என்று சொல்கிறேன். சிலை இல்லை, எனவே 2000க்கு முன். பஸ் நிலையத்தில் எடுத்த படத்தில் நேசமணி நிற்கிறது; எனவே 1997க்குப் பிந்தையது இல்லை. அம்மா கையில் மஞ்சள் துணிப்பை ஒன்று வைத்திருக்கிறார். எங்கள் தெருவில் நடந்த ஒரு கல்யாணத்தின் தாம்பூலப் பை அது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மணமக்கள் பெயர் மடிப்பில் மறைந்துவிட்டது. கீழே ஆவணி மாதத் தேதியும் 1994 என்ற வருடமும் தெரிகின்றன. ஆக மீதி இருப்பது 1995, 1996, 1997 ஆகியவற்றின் மே மாதங்கள். தங்கையின் தலை அதையும் தீர்த்துவிட்டது. மொட்டை போட்டு விரற்கடை முடி முளைத்த தலை. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூரில் அவளுக்கு மொட்டை போட்டது ஒன்றாம் வகுப்பு சேர்ப்பதற்கு முந்தைய தை மாதம் என்று அம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. பள்ளிச் சான்றிதழைப் பார்த்தோம். 1995.

வருடம் தெரியாமல் மாதம் மட்டும் வேண்டுமா, நிழலைப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு மறந்துபோகிற விஷயம் இது. குமரியில் மே மாத நண்பகலில் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். டிசம்பரில் நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கும். தெற்குக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று உச்சி வேளையில் எடுத்த படமானால், மே மாதத்தில் முகத்தில் வெளிச்சம் விழும், குட்டை நிழல் முதுகுக்குப் பின்னால் போகும். டிசம்பரில் முகம் இருண்டு, நிழல் கேமராவை நோக்கி நீளும். கோடை விடுமுறையா, அரையாண்டு விடுமுறையா என்ற வீட்டுச் சண்டையை இதை வைத்துத் தீர்க்கலாம்.

பெரியவர்களோடு உட்காருவது

இவ்வளவையும் செய்துவிட்டுப் பெரியவர்களிடம் போங்கள். வெறுங்கையோடு போய் "அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால், "நல்லபடியாகப் போய்விட்டு வந்தோம்" என்பதோடு முடிந்துவிடும். ஒரே ஒரு படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். கைபேசியில் விரலால் பெருக்கிக் காட்டுவது கண் மங்கியவர்களுக்கு ஆகாது. அவர்களிடம் கேட்டுக்கொண்டு, பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். "இது யார் என்று தெரிகிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது பரீட்சை. பெயர் வராவிட்டால் அவர்கள் மனம் சுருங்கிவிடும். பொருளைக் கேளுங்கள். இந்தத் தூக்குவாளியில் என்ன இருந்தது? இந்தப் பை யாருடையது? காலையில் யார் முதலில் எழுந்து சமைத்தது? வேனில் ஜன்னலோரம் யார் உட்கார்ந்தது? வாடகையை யார் கொடுத்தது?

அத்தைக்குத் தூக்குவாளியைக் காட்டிய உடனே புளியோதரை வந்துவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியது, வாழை இலை போதாமல் பக்கத்து வீட்டுக் கொல்லையில் அறுத்தது, சூட்டோடு கட்டியதால் இலை வெந்த வாசனை வள்ளியூர் தாண்டும்வரை வேனுக்குள் நிறைந்திருந்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வேன் ஓட்டுநருக்கு அப்பா ஏன் ஒரு படம் கொடுத்தார் என்பதும் அங்கேதான் தெரிந்தது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போவதாகத் திட்டமே இல்லையாம். தக்கலை வரை வந்துவிட்டு இதைப் பார்க்காமல் போகலாமா என்று அவர் தானாகவே வண்டியைத் திருப்பினாராம். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசு பராமரிக்கும் அரண்மனை அது. அதன் கருத்த வழவழப்பான தரையில் வெறுங்காலோடு நடந்த குளிர்ச்சியை அத்தை அப்படியே சொன்னார். அந்தக் குளிர்ச்சி எந்தப் படத்திலும் இல்லை.

இரண்டு பெரியவர்களைச் சேர்த்து உட்காரவைத்தால் இன்னும் நல்லது; ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார். அவர்களுக்குள் முரண்பாடு வந்தால் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள், இருவர் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது இல்லாத ஒருவரின் முகம் வந்து பேச்சு நின்றுவிட்டால் அடுத்த படத்துக்கு அவசரப்படாமல் காத்திருங்கள். களைப்புத் தெரிந்த உடனே முடித்துக்கொள்ளுங்கள்.

எடுக்காத படங்கள்

ஒரு பயணத்தில் படம் எடுக்க முடியாமல் போன இடங்களைத் தனியாக எழுதிவைப்பது என் முறையில் முக்கியமான பகுதி. குற்றாலத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறோம். எங்கள் ஆல்பங்களில் அருவி இருக்கிறதா என்றால் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான். கேமரா நனைந்துவிடும் என்று யாரும் பக்கத்தில் கொண்டுபோகமாட்டார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றது, தலையில் தண்ணீர் அறைந்தபோது மூச்சு முட்டியது, வெளியே வந்து நடுங்கிக்கொண்டே சூடான மிளகாய் பஜ்ஜி தின்றது, எதற்கும் படம் இல்லை. கையில் மங்குஸ்தான் பழத்தோடு தலை காய்ந்த பிறகு நிற்கும் படம்தான் இருக்கிறது. கோயில் கருவறையும் அப்படித்தான். இரவு நேரம், மழை, சண்டை, வாந்தி, தொலைந்துபோய்க் கிடைத்த பிள்ளை, இவை எதுவும் சுருளில் இருக்காது.

இரண்டு படங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைக் கேள்வியாக மாற்றுங்கள். 17ஆவது படத்தில் நல்ல வெயில், 18ஆவது படத்தில் எல்லோரும் உடை மாற்றியிருக்கிறார்கள் என்றால், நடுவில் என்ன? அதற்கு ஒரு வெற்றுத்தாளை வெட்டி ஆல்பத்தில் அந்த இடத்தில் செருகி, தெரிந்ததை அதில் எழுதுங்கள். எங்கள் ஆல்பங்களில் இப்போது விருந்தினர்கள் முதலில் படிப்பது அந்தத் தாள்களைத்தான்.

கைபேசிப் படங்கள்

இங்கே சிக்கல் நேர்மாறானது. 2018 இல் குறிஞ்சி பார்க்கக் கொடைக்கானல் போனபோது எங்கள் வண்டியில் இருந்த எல்லோர் கையிலும் கைபேசி. நூற்றுக்கணக்கான படங்கள், பாதிக்கு மேல் ஒரே பூ. எடுத்த நேரமும் பல சமயம் இடமும் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் வரிசை தேடும் வேலை மிச்சம். ஆனால் வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தை நம்பாதீர்கள். கோப்பின் பெயரில் டபிள்யூஏ என்ற எழுத்துகள் இருந்தால், அதில் உள்ள தேதி படம் உங்களுக்கு வந்த தேதி. எடுத்த தேதியும் இடமும் அதில் அழிந்துபோயிருக்கும், படமும் சுருங்கியிருக்கும். எடுத்தவரிடம் மூலப்படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

பிறகு மணிக்கு ஒரு படம் என்று பொறுக்குங்கள். வரிசையாக நின்று சிரிக்கும் படத்தை விட்டுவிட்டு, யாரும் கேமராவைப் பார்க்காத படமாக எடுங்கள். பனி மூடிய வண்டிக் கண்ணாடி, பாதி தின்ற தட்டு, தூங்கும் தலை. கைபேசியே தொகுத்துக் காட்டும் நினைவுத் தொகுப்பு பெரும்பாலும் சிரித்த முகங்களைத்தான் பொறுக்குகிறது. காணொளி இருந்தால் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் ஒருமுறை கேளுங்கள். பின்னால் யாரோ யாரையோ கூப்பிடும் குரலுக்காகவே அதைச் சேமிக்க வேண்டியிருக்கும்.

சேமிப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்கேனர் இருந்தால் சாதாரண 4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுங்கள்; பஸ்ஸின் எழுத்தையும் பையின் தேதியையும் படிக்க அது போதும். ஸ்கேனர் இல்லையென்றால், வெயில் நேரடியாக விழாத ஜன்னலருகே படத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷை அணைத்து, கைபேசியை நேர்மேலே பிடித்து எடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடத்தை முதலில் போடுங்கள்: 1995-05 கன்னியாகுமரி 07. தானாகவே வரிசையாக அடுக்கிக்கொள்ளும். ஒரு பிரதி கணினியில், ஒன்று தனி டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். படத்தின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் விழும். பள்ளியில் ஓவிய வகுப்புக்கு வாங்கும் 6பி பென்சில் அந்த வழவழப்பான தாளிலும் பிடிக்கும். நெகட்டிவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எறிந்துவிடாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

படத்தோடு அதே இடத்துக்கு

முடிந்தால் பிரிண்டை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கே போங்கள். பழைய படத்தைக் கையை நீட்டிப் பிடித்து, அதில் உள்ள தூணோ பாறையோ நிஜத்தோடு பொருந்தும்வரை முன்னும் பின்னும் நடந்தால், அப்பா நின்று படம் எடுத்த இடத்தில் நாம் நிற்போம். சில இடங்களில் அது இனி முடியாது. பாம்பன் பழைய ரயில் பாலம் 1914 இல் திறந்தது. 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலிலிருந்து பக்கத்தில் கட்டிய புதுப் பாலத்தில்தான் ரயில் போகிறது. பழைய பாலத்தில் ரயில் கதவருகே நின்று, கைப்பிடிச் சுவர்கூட இல்லாமல் கீழே நேராகக் கடலைப் பார்த்து எடுத்த படம் உங்களிடம் இருந்தால், முதல் வேலையாக அதை ஸ்கேன் செய்யுங்கள்.

கடைசியாக, படம் எடுத்தவரைத் தேடுங்கள். குமரிப் பயணத்தின் எங்கள் சுருள் முழுவதிலும் அப்பா இல்லை. ஒரு படத்தில் மணலில் அவர் நிழல் மட்டும், முழங்கைகளை விரித்து, விழுந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். உடன் வந்த மற்ற குடும்பங்களிடம் கேளுங்கள். அந்த இடங்களில் காசு வாங்கிப் படம் எடுத்து, முகவரி கேட்டுத் தபாலில் அனுப்பிவைத்தவர்களும் உண்டு, அந்தப் படங்கள் யார் முகவரிக்குப் போயின என்று விசாரியுங்கள். சித்தப்பா வீட்டு மர பீரோவில், ஒரு பழைய வாழ்த்து அட்டை உறைக்குள் எங்களுக்கு ஒன்று கிடைத்தது. படகுத்துறை வரிசையில் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டி, கேமரா உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டிக்கெட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். அப்படி ஒன்று கிடைத்தால் உடனே ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பிரதியை வரிசையில் அதற்குரிய இடத்தில் செருகி, யார் வீட்டிலிருந்து கிடைத்தது என்று பின்னால் எழுதுங்கள்.